முப்பது வருடமாகியும் காரணம் ஏன் பிடிபடவில்லை? இலங்கையின் வரண்ட வலயத்துச் சிறுநீரக நோய் பற்றி ஒரு பதில்

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான். வவுனியாவுக்கு அருகே வயல் செய்யும் அவருடைய தகப்பனாருக்கு 52 வயது. நீரிழிவோ பிறஷரோ இல்லை. ஆனால் குருதியில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) சற்றுக் கூடியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் சிலர் களைநாசினிதான் காரணம் என்கிறார்கள், சிலர் கிணற்றுத் தண்ணீர் என்கிறார்கள். கிளைபோசேட் என்ற களைநாசினியை அரசாங்கம் தடைசெய்தது, பிறகு தடையை எடுத்துவிட்டது. "முப்பது வருடமாக இத்தனை பேர் ஆராய்ந்தும் காரணம் தெரியவில்லை என்றால், தெரிந்துகொண்டே மறைக்கிறார்கள் என்றுதானே பொருள்?" என்று முடித்திருக்கிறார்.

இந்த நோய்க்குக் காரணம் எது என்று கேட்பதுபோல் இருந்தாலும், ஒரு நோயின் காரணத்தை விஞ்ஞானம் இவ்வளவு காலம் அறியாமல் இருப்பது நேர்மையாகவே நடக்கக்கூடியதா என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி என நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பின்னால், அறியும்வரை அப்பாவை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது என்ற கவலையும் இருக்கிறது. நான் சமுதாய மருத்துவம் படித்தவன். வரண்ட வலயத்துக் கிராமங்களில் பல ஆண்டுகள் பரிசோதனை முகாம்களில் வேலை செய்திருக்கிறேன். சிறுநீரக நிபுணன் அல்லன். ஆகவே ஒரு தனி நோயாளியின் அறிக்கையை இங்கிருந்து வாசித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நோய் ஊரில் எப்படிப் பரவியிருக்கிறது, எந்த ஆய்வு எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பவற்றைச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியானவை. 1990களில் மதவாச்சி, பதவியா, கிராந்துருகோட்டை போன்ற இடங்களின் வைத்தியசாலைகளுக்கு நடுத்தர வயதுக் கமக்காரர்கள் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் வரத் தொடங்கினார்கள். சிறுநீரகத்தைப் பழுதாக்கும் வழக்கமான காரணங்களான நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கல் ஆகியவை அவர்களிடம் இருக்கவில்லை. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோது வடிகட்டும் பகுதியை விட, அதைச் சுற்றியுள்ள நுண்குழாய்களும் அவற்றுக்கிடையிலுள்ள திசுவுமே தழும்பேறிக் கிடந்தன. வட மத்திய மாகாணமே இதன் மையம் என்றாலும் வவுனியா, திருகோணமலை மாவட்டங்களின் பகுதிகளும் ஊவாவின் சில பகுதிகளும் உள்ளடங்கும். கடுமையான நிலைக்குப் போகிறவர்களில் ஆண்கள் அதிகம், அவர்களிலும் நெல் செய்பவர்கள் அதிகம். நோய் இருக்கிறது என்பதிலும், அது வேலையோடும் இடத்தோடும் பிணைந்திருக்கிறது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்த நோய் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு முகாமில் நான் நேரில் கண்டேன். ஒரு பாடசாலை மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், வயலில் இருந்து நேரே வந்தவர், கால் விரல்களுக்கிடையில் சேறு காயாமல் இருந்தது. சிறுநீரில் தோய்த்த சோதனைப் பட்டி மஞ்சளாகவே இருந்தது, புரதம் இல்லை என்று அர்த்தம். "பாத்தீங்களா டொக்டர், எனக்கு ஒண்டுமில்லை" என்று சிரித்துக்கொண்டு எழும்பினார். குருதி முடிவு வந்தபோது அவருடைய சிறுநீரகங்கள் செய்யவேண்டிய வேலையில் மூன்றில் ஒரு பங்குதான் நடந்துகொண்டிருந்தது. நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரில் புரதம் முன்கூட்டியே எட்டிப்பார்த்து எச்சரிக்கும். இந்த நோயில் புரதம் கடைசிவரை அவ்வளவாக வெளியேறுவதில்லை. கிரியாட்டினினோ, வடிகட்டும் திறன் ஏறக்குறையப் பாதி போன பிறகே தெளிவாக ஏறத் தொடங்கும். ஆகவே நாங்கள் ஒருவரை நோயாளி என்று கண்டுபிடிக்கும் நாளுக்கும் அவருக்குள் தீங்கு தொடங்கிய நாளுக்கும் இடையே பத்து வருடமோ அதற்கு மேலோ கழிந்திருக்கலாம். இந்த இடைவெளிதான் முழுச் சிக்கலின் வேர்.

இனி சந்தேகத்துக்குரியவை. உலக சுகாதார ஸ்தாபனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் சேர்ந்து செய்து 2013இல் வெளியான ஆய்வுதான் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. நோய் உள்ள பகுதிகளில் ஆண்களில் 12.9 வீதத்தினருக்கும் பெண்களில் 16.9 வீதத்தினருக்கும் இது இருப்பதாக அது சொன்னது. நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் என்ற நஞ்சான உலோகம் கூடுதலாக இருப்பதாகவும் சொன்னது. இரண்டையும் கவனத்தோடு வாசிக்க வேண்டும். அந்த ஆய்வு நோயாளிகளை இனங்கண்டது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிவதை வைத்து. மேலே சொன்னபடி, கசிவு குறைவாக இருப்பதே இந்த நோயின் இயல்பு. ஆகவே அந்த எண்ணிக்கைக்குள் வேறு வகைச் சிறுநீரகக் கோளாறுகளும் புகுந்திருக்கலாம், இந்த நோய்க்காரர் சிலர் வெளியே விடுபட்டும் இருக்கலாம். கட்மியத்தைப் பொறுத்தவரை, அந்தப் பகுதி நீரை அளந்த பிற ஆய்வுகளில் அது மிகக் குறைவாகவே இருந்தது. பழுதான நுண்குழாய் தன்னிடம் சேர்ந்திருந்த கட்மியத்தைத் தானே வெளியேற்றும் என்பதால், சிறுநீரில் கண்ட கட்மியம் நோயின் காரணமா விளைவா என்பதும் தீரவில்லை.

அடுத்தது கிளைபோசேட். 2014இல் இலங்கை ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். கிளைபோசேட் உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வரண்ட வலயத்தின் வன்னீரிலுள்ள கல்சியம், மக்னீசியத்தோடும் நஞ்சான உலோகங்களோடும் அது சேர்ந்து சிறுநீரகத்தைச் சென்றடைகிறது என்பதே அதன் சாரம். கருதுகோள் என்றே அவர்கள் எழுதினார்கள். பத்திரிகைகளில் வந்தபோது அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது. 2015இல் பதவி ஸ்ரீபுரவில் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்ட அதே குழுவினர், கைவிடப்பட்ட கிணறுகளில் தண்ணீர் குடித்தவர்களிடமும் கிளைபோசேட் அடித்தவர்களிடமும் நோய்க்கான வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு கூடியிருப்பதாகக் கண்டார்கள். பெரிய எண்தான். ஆனால் கிளைபோசேட் அடித்த மனிதர் வேறு என்னவெல்லாம் செய்தவர் என்று யோசியுங்கள். அவரே வெயிலில் நின்றவர், அவரே வேறு பத்துப் பீடைகொல்லி மருந்துகளும் அடித்தவர், வயலோரக் கிணற்றில் வாளியால் அள்ளிக் குடித்தவரும் எலிகள் ஓடும் சேற்றில் வெறுங்காலோடு நடந்தவரும் அவரே. ஒரே உடம்பில் கட்டுண்டு கிடக்கும் இவற்றைப் பிரித்தெடுக்க, நோய் வந்த பிறகு "பத்து வருடத்துக்கு முன் எந்த மருந்து அடித்தீர்கள்?" என்று கேட்பது போதாது. எந்தப் பெயர் செய்தியில் அடிபடுகிறதோ அந்தப் பெயர்தான் நினைவிலும் முந்தி வரும்.

கிளைபோசேட் கருதுகோளை மறுப்பவர்கள் மலையகத்தைக் காட்டுவார்கள். தேயிலைத் தோட்டங்களில் அது பல ஆண்டுகள் தாராளமாக அடிக்கப்பட்டது, அங்கே இந்த நோய் ஊரளவில் இல்லை. இந்த வாதம் கேட்க வலிதாக இருந்தாலும் முழுமையானதல்ல. மலையகத்து நீர் மென்னீர். வன்னீரும் சேர வேண்டும் என்பதுதானே அந்தக் கருதுகோளே. அதைவிட யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சுண்ணக்கல்லில் ஊறும் கிணற்று நீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு வன்னீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் மருந்தடிப்பும் குறைவில்லை. இருந்தும் பதவியாவைப்போல் அங்கே இந்த நோய் தலைதூக்கவில்லை. இதற்கும் ஒரு பதில் இருக்கிறது, அதுதான் கிணற்று நீரின் புளோரைட்டைச் சந்தேகிப்பவர்களின் பதில்: வட மத்திய மாகாணம் அடங்கிய ரஜரட்டையின் பாறை வேறு, அங்கே நிலத்தடி நீரில் மக்னீசியத்தோடு புளோரைட்டும் கூடுதல். குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். அதைத் தாண்டும் கிணறுகள் அங்கே பல. பள்ளிப் பிள்ளைகளின் பற்களில் உள்ள பழுப்புக் கறையே அதற்குச் சாட்சி. ஒரே கிராமத்தில் ஊற்று நீரும் குளத்து நீரும் குடிப்பவர்களை விடக் கிணற்று நீர் குடிப்பவர்களிடம் நோய் கூடுதலாக இருப்பது பலமுறை கவனிக்கப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், கிடைத்திருக்கும் தடயங்களில் இதுவே கனதியானது. ஆனால் கிணற்றில் இருக்கும் எது என்று அது சொல்வதில்லை. 2023இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட அளவீட்டில், நோயுள்ள பகுதிக் கிணறுகளில் 44 வீதத்தில் கிளைபோசேட் இருந்தது; வெளியே 8 வீதத்தில்தான். வன்னீரில் அது சிதையாமல் நிலைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. அந்த அளவு சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதற்கு இது சான்றாகாது.

வெப்பத்தையும் சொல்லவேண்டும். நிக்கராகுவா, எல்சல்வடோர் நாடுகளின் பசிபிக் கரையோரம் கரும்பு வெட்டும் இளைஞர்கள் இதே மாதிரியான நோயால் இறக்கிறார்கள். அங்கே கரையோரத்தின் கொதிக்கும் வெயிலில் வெட்டுபவர்களுக்குப் பாதிப்பு மிக அதிகம், குளிர்ந்த மேட்டுநிலத்தில் வேலை செய்பவர்களுக்குக் குறைவு என்று ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் கட்டாயமாக்கிய இடங்களில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. எங்கள் கமக்காரர் தன் நேரத்துக்கு வேலை செய்பவர், துண்டுக் கணக்கில் கூலி வாங்க ஓடுபவர் அல்லர். வெப்பம் மட்டுமே காரணம் என்றால் அம்பாந்தோட்டைக் கரையும் மன்னாரும் இதே பாடு பட்டிருக்க வேண்டும். ஆகவே இலங்கையில் வெப்பம் துணைபோகிறது என்று கொள்ளலாம், தனியே போதாது என்பது என் கணிப்பு. எலிகள் பரப்பும் ஹன்டா வைரசுக்கும், பரம்பரை இயல்புக்கும் சில தடயங்கள் உண்டு. அவை இன்னும் தடயங்கள் என்ற நிலையைத் தாண்டவில்லை.

இனி அவருடைய கேள்விக்கே வருகிறேன். இவ்வளவு காலம் தெரியாமல் இருப்பது நடக்கக்கூடியதுதானா? நடந்திருக்கிறது. பல்கேரியா, சேர்பியா, குரோவேசியா, பொஸ்னியா, ருமேனியா ஆகிய நாடுகளில் தன்யூப் ஆற்றின் கிளைகளை ஒட்டிய கமக்காரக் கிராமங்களில் இதையொத்த ஒரு சிறுநீரக நோய் 1950களில் விவரிக்கப்பட்டது. அங்கும் நீர், உலோகம், பூஞ்சை, வைரசு என்று ஒவ்வொருவராக ஒன்றைச் சொன்னார்கள். கோதுமை வயலில் முளைக்கும், நம் ஈசுரமூலியின் இனத்தைச் சேர்ந்த ஒரு களையின் விதைகள் மாவில் கலக்கின்றன என்று ஒரு ஆய்வாளர் 1960களின் இறுதியில் சொல்லி, அந்தக் களை விதை கலந்த மாவை முயல்களுக்கு ஊட்டியும் காட்டினார். பெரிதாக யாரும் காதில் போடவில்லை. 1990களில் பெல்ஜியத்தில் உடம்பு மெலிவதற்கு மூலிகை விழுங்கிய பெண்களுக்கு அதே நோய் வந்து, அந்த மூலிகையில் அதே இனச் செடி இருந்ததைக் கண்ட பிறகுதான் பழைய சந்தேகம் உயிர்பெற்றது. அந்த நஞ்சு சிறுநீரகக் கலங்களின் மரபுப் பொருளில் ஒட்டிக்கொண்டு அழியாத அடையாளம் ஒன்றை விட்டுச்செல்கிறது. பால்கன் நோயாளிகளின் திசுவில் அந்த அடையாளத்தைக் கண்டு 2007இல் வெளியிட்டபோதுதான் வழக்கு முடிந்தது. ஐம்பது வருடம். யாரும் மறைக்கவில்லை; பிடிபடுவதற்குக் கைரேகை ஒன்று தேவைப்பட்டது. எங்கள் நோய்க்கு அப்படியொரு கைரேகை இன்னும் கிடைக்கவில்லை. 2020இல் ஒரு குழு நுண்குழாய்க் கலங்களுக்குள் ஒருவகை வீக்கத்தைக் கண்டு இது நஞ்சின் அடையாளம் என்றது. இதே தோற்றம் வேறு நோய்களிலும் உண்டு என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

இதே இலங்கையில், இதே பீடைகொல்லிகள் பற்றி, எதிர்மாறான கதை ஒன்றும் உண்டு. 1995இல் உலகிலேயே தற்கொலை வீதம் மிக உயர்ந்த நாடுகளில் ஒன்றாக நாம் இருந்தோம்; பலர் குடித்தது பீடைகொல்லி. மிகக் கொடிய வகைப் பீடைகொல்லிகளை அந்த ஆண்டிலிருந்து படிப்படியாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது, நெல் விளைச்சல் அதனால் விழவில்லை. அந்த ஆராய்ச்சி வென்றதற்குக் காரணம், அங்கே நஞ்சுக்கும் மரணத்துக்கும் இடையில் இருந்தது சில மணித்தியாலங்கள் அல்லது சில நாட்கள். எந்தப் பீடைகொல்லி என்று வைத்தியசாலைப் பதிவே சொல்லிவிடும். சிறுநீரக நோயில் இடைவெளி பத்து, பதினைந்து வருடம். சாட்சிகள் எல்லாம் கலைந்துபோன பிறகு விசாரணை தொடங்குகிறது. கம்பனிகள் தம் இலாபத்தைப் பார்க்கமாட்டா என்று நான் சொல்லவரவில்லை, அந்த விடயத்தில் சந்தேகப்படுவது நியாயமே. ஆனால் மறைப்பதற்கு முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

விஞ்ஞானிகள் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். நீர் வேதியியலாளர் நீரை அளந்தார், மண் ஆய்வாளர் மண்ணை அளந்தார், வைத்தியர் குருதியை எடுத்தார். அவரவர் கையில் இருந்த கருவி எதை அளக்குமோ அதுவே காரணமாகவும் தெரிந்தது. செய்திருக்க வேண்டியது வேறு: இருபது வயதில் நலமாக இருக்கும் இளைஞர்களைத் தெரிந்தெடுத்து, ஆண்டுதோறும் குருதியும் சிறுநீரும் அவர்கள் குடிக்கும் நீரும் எடுத்துக் குளிரில் சேமித்து, பத்துப் பதினைந்து வருடம் பின்தொடர வேண்டும். பிறகு நோய் வந்தவரின் பழைய மாதிரியை எடுத்துப் பார்க்கலாம். மூன்று வருட நிதி தருபவரிடம் இதைக் கேட்டுப் பெறுவது எளிதல்ல. சமூகத்தைப் பின்தொடரும் ஆய்வுகள் இங்கே தாமதமாகத்தான் தொடங்கின.

கிளைபோசேட் தடையைப் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் இறக்குமதியைத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள், 2022இல் விலக்கினார்கள். காரணம் உறுதியாகும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாகத் தடுப்பது தவறில்லை. ஆனால் பதினைந்து வருடத்தில் வெளிப்படும் ஒரு நோய்க்கு, ஏழு வருடத் தடையின் பலனை யாராலும் அளக்க முடியாது. அளப்பதற்கு ஏற்பாடும் செய்யப்படவில்லை. பதிலாக என்ன அடிப்பது என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டவர்களுக்கும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதனால் வேறு களைநாசினிகள் வந்தன, அவற்றைப் பற்றி நமக்கு இன்னும் குறைவாகத்தான் தெரியும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியபோதும் இந்தச் சிறுநீரக நோய் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் எப்படி விழுந்தது என்று உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, அப்பாவுக்கு. ஒரே ஒரு கிரியாட்டினின் முடிவை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது. குறைந்தது மூன்று மாத இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும். வெயிலில் வேலை செய்த அன்று எடுத்த குருதியில் அது சற்று ஏறியும் இருக்கும், ஆகவே ஓய்ந்திருந்து, தண்ணீர் குடித்த நாளில் காலையில் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய அறிக்கை எதுவும், கண் சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்ததோ காய்ச்சலுக்கு எடுத்ததோ இருந்தால், தேடியெடுத்துச் சிறுநீரக சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். இன்றைய எண்ணை விட, ஐந்து வருடத்தில் அது எப்படி ஏறியது என்பதுதான் வைத்தியருக்கு உதவும். சிறுநீர்ப் பட்டி மட்டும் பார்த்து "நல்லாயிருக்கு" என்று அனுப்பினால், கிரியாட்டினினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, கிணற்று நீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து வன்மையையும் புளோரைட்டையும் அளக்கலாம். ஆர்.ஓ. முறையில் (நுண்சவ்வு வழியே அழுத்தி) வடிகட்டுவது நீரின் வன்மை, புளோரைட், பீடைகொல்லி எச்சம் எல்லாவற்றையும் பெருமளவு நீக்கும், ஆகவே எந்தக் கருதுகோள் சரியென்று வந்தாலும் அது நட்டமில்லை. அந்த நீருக்கு மாறிய நோயாளிகளில் நோயின் வேகம் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, பெரிய ஆய்வு தேவை. ஆனால் ஆர்.ஓ. நீர் தரும் நிலையத்தின் வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்தில் இரண்டு வருடமாக மாற்றாத வடிகட்டியை நானே கழற்றிப் பார்த்திருக்கிறேன், கறுத்துப் பாசி பிடித்திருந்தது. கூரைத் தண்ணீரைத் தாங்கியில் சேர்த்து, கொதிக்கவைத்துக் குடிப்பதும் நல்ல மாற்று. வயலுக்குப் போகும்போது அந்தத் தண்ணீரை இரண்டு பெரிய போத்தலில் கொண்டுபோகட்டும், உச்சி வெயிலில் வேலையை நிறுத்தட்டும். மருந்தடிக்க ஆள் பிடிக்க முடியுமானால் அவர் இனி அடிக்க வேண்டாம்.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்து வந்து இடுப்பு நோவுக்குக் கடையில் டைக்குளோபினக் குளிசை வாங்கிப் போடும் பழக்கம் எங்கள் கமக்காரர் பலரிடம் உண்டு. காரணம் தெரியாத இந்த நோயில், காரணம் நன்றாகத் தெரிந்த ஒரு தீங்கு அது. கிரியாட்டினின் ஏறிய சிறுநீரகத்துக்கு அந்தக் குளிசை ஆகவே ஆகாது. நோவுக்குப் பரசிற்றமோல் போதுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அப்பாவின் சட்டைப் பையையும் ஒருமுறை பாருங்கள்.